ஆறாவது தெருக் கடைசிக் கதவு

வாங்க தம்பி, உள்ள வாங்க. கேட்ல நிப்பாட்டி வச்சுட்டாகளா? பேரு, போன் நம்பரு, யாரு வீட்டுக்கு, எதுக்குன்னு எல்லாம் கேட்டிருப்பாரு செக்யூரிட்டி துரைச்சாமி. கோவிச்சுக்காதீங்க. கலெக்டரே வந்தாலும் எழுதிட்டுத்தான் உள்ள வரணும். அந்த விதியை எழுதுனதே நான்தான்.

காபி குடிப்பீங்கள்ல? நானேதான் போடணும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. இப்ப வீட்டு வேலைக்கு ஆள் வச்சுக்கிறதில்ல. முடியலதான். இந்த வலது மணிக்கட்டு ஒடிஞ்சு கூடுனது, நாலு பாத்திரம் தேய்ச்சா குத்த ஆரம்பிச்சுரும். ஆனாலும் ஆள் வச்சுக்கிறதில்ல.

உங்க நகர்லயும் சங்கம் ஆரம்பிக்கணும், அதுக்கு விதி வகுத்து பைலா எப்படி எழுதுறதுன்னு கேட்டு வந்திருக்கீங்க. நல்ல காரியம். ஒரு காப்பி தரேன், எடுத்துட்டுப் போங்க. பதிவுத்துறையில முப்பத்திரண்டு வருஷம் இருந்தவ நான். எத்தனையோ சங்கத்து பைலாவுல தப்புக் கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன். நான் எழுதுன பைலா ஒரு கமா கூட மாறாம முதல் தடவையே பதிவாச்சு. இந்தாங்க, இந்த ஃபைல்தான். பாருங்க, பைய பாருங்க. அவசரம் இல்லைல்ல?

இந்தப் பொன்மாரி நகரைப் பத்தி முதல்ல சொல்லணும். ரிங் ரோட்டுலருந்து உள்ள வந்தீங்கள்ல, நாங்க வீடு கட்டி வந்தப்ப அந்த ரோடே கெடையாது. நூத்தி எழுபது வீடு. தெருவிளக்கு கெடையாது. சாக்கடை அள்ள ஆள் வராது. மனு எழுதி எழுதி என் கையெழுத்தே தேஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் நான் ஒத்தைதான். மகன் பெங்களூர்ல. மாசத்துக்கு ரெண்டு தரம் போன்ல, ‘கதவைப் பூட்டிக்கம்மா’ங்குவான். பூட்டிக்கிட்டுத்தான இருக்கேன்.

மூணு புரட்டாசிக்கு முந்தி. சாயங்காலம் அஞ்சு மணி, நல்ல வெளிச்சம். பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பிக்கிட்டிருக்கேன். பின்னாலருந்து பைக் வந்த சத்தம் கேட்டுச்சு, ஒதுங்குனேன். அவ்வளவுதான் தெரியும். கழுத்துல யாரோ கத்தி வச்ச மாதிரி இழுத்துச்சு. குப்புற விழுந்தேன். கை அடியில மாட்டி, சடக்னு ஒரு சத்தம். அது என் கைன்னே எனக்குத் தெரியல தம்பி. எங்க வீட்டுக்காரர் கடைசியா வாங்கிக் குடுத்த சங்கிலி. இழுத்த இழுப்புல ரவிக்கையும் கிழிஞ்சு, நடுத்தெருவுல கெடக்குறேன். அத்தனை வீட்டுலயும் ஆள் இருக்கு. டிவி ஓடுது. ஒரு கதவு திறக்கல.

திறக்காதது தப்புன்னு சொல்லல. பயம். எல்லாருக்கும் பயம்தான்.

பஞ்சவர்ணம்தான் ஓடி வந்தா. என் வீட்டுல பதினாலு வருஷமா வேலை பாத்தவ. ஆறாவது தெருக் கடைசியில ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு சந்து இருந்துச்சு. அதுல போனா வாய்க்கால், மேல சின்னப் பாலம், பாலத்துக்கு அங்கிட்டு கரைப்பட்டி. அவ ஊரு. அன்னைக்குக் கூடுதல் வேலை, முடிச்சு அப்பத்தான் வீட்டுக்குப் போயிருக்கா. என் சத்தம் பாலத்து வரைக்கும் கேட்டிருக்கு. ‘எம்மா, எம்மா’ன்னுக்கிட்டு வந்தா. தன் முந்தானையை உருவி என் மேல போத்துனா. அவளே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா.

நாப்பது நாள் கட்டுப் போட்டிருந்தாக. அந்த நாப்பது நாளும் தலை சீவிப் பின்னி விட்டது அவ. ரவிக்கைக் கொக்கி மாட்டி விட்டது அவ. சோத்தைப் பிசைஞ்சு ஸ்பூனைக் கையில குடுப்பா. ‘வெக்கப்படாதீகம்மா, நான் என்ன அன்னியமா’ங்குவா. மகன் வந்து ஒரு வாரம் இருந்தான். ஆம்பளப் பிள்ளை, அவன் என்ன செய்வான், லேப்டாப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

நான் அவளை வேலைக்காரின்னு நடத்துனதே கெடையாது தம்பி. நாங்க குடிக்கிற காபிதான் அவளுக்கும். அவளுக்குன்னே கனமான எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு எடுத்து, அடியில பேரு வெட்டி வச்சிருந்தேன். மத்த டம்ளரோட மாறிரக் கூடாதுல்ல.

கட்டுப் பிரிச்ச மறுவாரமே கூட்டம் போட்டோம். காலி மனையில சாமியானா. அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் முகம் பாத்துப் பேசாத ஜனம், அன்னைக்கு நின்னு பேசுச்சு. ஒருத்தருக்கு மோட்டார் திருடு போயிருக்கு, ஒருத்தர் பொண்ணுக்குப் பின்னாலயே எவனோ வந்திருக்கான். சவுந்தரராஜன் சார் தலைவர். பேங்க் மேனேஜரா இருந்து ஓய்வு பெற்றவர். நான் செயலாளர். ‘அரசாங்கம் வந்து நம்மளைப் பாத்துக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாது, நம்ம நகரை நாமளே பாத்துக்குவோம்’னு பேசுனேன். கை தட்டுனாக தம்பி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு யாரும் கை தட்டுனதில்ல.

வீட்டுக்கு வீடு சந்தா. அதுல ரெண்டு செக்யூரிட்டி, முன்னால பெரிய கேட்டு, தெருவுக்குத் தெரு கேமரா, விளக்கு. குப்பை கெடந்த மனை பூங்காவாச்சு. பாத்தீங்கள்ல வரும்போது, பொம்பளைகளும் குழந்தைகளும் உக்காந்திருப்பாக. ஏழு மணிக்கு மேல ஒரு பொம்பளை வெளிய வராத தெரு இது. அது பொய்யா? அது நான் செஞ்சதுதான. அதையும் சொல்லணும்ல.

அப்புறம் அந்தச் சந்து.

‘எத்தனை செக்யூரிட்டி போட்டு என்ன புண்ணியம், பின்னால ஒரு ஓட்டை இருக்கே’ன்னாரு தலைவர். ‘மேடம் சங்கிலியை அறுத்தவன் அந்தப் பக்கம்தான போனான்?’ எல்லாரும் என்னையப் பாத்தாக. நான் போலீஸ்ல அப்படித்தான் எழுதிக் குடுத்திருந்தேன், பைக் ஆறாவது தெருப் பக்கம் போச்சுன்னு. குப்புறக் கெடந்தவ எங்கிட்டுப் பாத்தேன்? போலீஸ்ல கேட்டாக, எனக்கு வாயில அப்படித்தான் வந்துச்சு. வேற எங்கிட்டுப் போயிருப்பான்னு தோணுச்சு.

ஜெயசிங் சார் ஒருத்தர்தான் எந்திரிச்சாரு. எதிர்வீடு, டிரில் வாத்தியாரா இருந்தவர். ‘அது மனை வரைபடத்துலயே பொது நடைபாதைன்னு போட்டிருக்கே மேடம், உங்களுக்குத் தெரியாததா?’ன்னாரு. எனக்குத் தெரியாம இருக்குமா? அதனாலதான் தீர்மானத்துல ‘தற்காலிகமாக’ன்னு ஒரு வார்த்தை போட்டேன். இந்தா பாருங்க, பதினாறாம் பக்கம். ‘பாதுகாப்புக் கருதி, தற்காலிகமாக மூடி வைக்கப்படும்.’ அந்த ஒரு வார்த்தை இருந்தா எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் கேக்காது. நீங்களும் போட்டுக்கங்க.

தையில இரும்புக் கதவு போட்டோம். சாவி ரெண்டு. தலைவர்கிட்ட ஒண்ணு, என் பீரோவுல ஒண்ணு. வேலைக்கு வர்ற பொம்பளைக எல்லாருக்கும் போட்டோ ஒட்டுன கார்டு. முன் கேட்டு வழியாத்தான் வரணும், கையெழுத்துப் போடணும். கார்டுக்குப் போட்டோ எடுத்த அன்னைக்குப் பஞ்சவர்ணம் ஒரே சிரிப்பு. ‘எனக்கெதுக்கும்மா போட்டோ, என் மூஞ்சியத்தான் தினம் பாக்குறீகளே’ன்னா. வாயை மூடிக்கிட்டு நேராப் பாருடின்னேன். அப்படியும் சிரிச்ச மேனிக்குத்தான் விழுந்திருந்தா.

கதவு போட்ட நாலாம் நாள் கேட்டா. பாத்திரம் கழுவிக்கிட்டே, என்னையப் பாக்காம.

‘எம்மா, அந்தக் கதவுச் சாவி ஒண்ணு ஒங்ககிட்டதான இருக்கு?’

‘ஆமா. அதுக்கென்ன?’

‘காலையில ஒருக்கா, மதியம் ஒருக்கா திறந்து விட்டா நான்பாட்டுக்கு வந்துட்டுப் போயிருவேன். ரோட்டுல சுத்தி வர்றதுக்குள்ள முட்டி கழண்டுருது.’

‘பஞ்சவர்ணம், உனக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும். விதியை எழுதுன நானே மீறுனா, நாளைக்கு ஒருத்தன் மதிப்பானா? என் வீட்டு ஆளுன்னு சலுகை குடுத்தேன்னுதான சொல்லுவாக?’

அவ கழுவுன பாத்திரத்தைக் கவுத்து வச்சா. ‘அதுஞ்சரிதாம்மா’ன்னா. அதுக்கப்புறம் அவ கேட்டதே இல்ல.

சர்வீஸ்லயும் நான் அப்படித்தான். என் தம்பி பத்திரத்தையே டோக்கன் வரிசையிலதான் வரச் சொன்னேன். அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவான். வேண்டியவன் வேண்டாதவன் பாத்தா நிர்வாகம் நடத்த முடியாது தம்பி.

சந்து வழியா வந்தா அஞ்சு நிமிஷம். ரிங் ரோடு சுத்தி வந்தா நாப்பது நிமிஷம்னு சொல்லுவா. ஆறரைக்கு வர்றவ ஏழே கால், ஏழரைன்னு வர ஆரம்பிச்சா. நான் வைவேன். வையத்தான செய்வேன், வாசல் தெளிக்காம கெடக்கு, ஏழரைக்கு எல்லாரும் கோலம் போட்டு முடிச்சுட்டாக. ‘வெரசா கெளம்பு, பஞ்சவர்ணம்’பேன். ‘கெளம்புறேம்மா’ம்பா. அப்புறம் சொல்லாமயே வெள்ளன வர ஆரம்பிச்சா. எத்தனை மணிக்கு எந்திரிச்சாளோ, நான் கேக்கல.

ஆனியில அந்தச் சங்கிலிப் பயலுகளைப் பிடிச்சுட்டாக. ரெண்டு பேரும் வேற ஜில்லாவாம். வாக்குமூலத்துல சொல்லியிருக்கானுக, மெயின் ரோட்டுல வந்தோம், மெயின் ரோட்டுலயே போயிட்டோம்னு. இன்ஸ்பெக்டர் என்னையக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனாரு. அந்தப் பாலத்துல பைக் போகாதும்மா, இந்தப் பக்கம் மூணு படி இருக்கேன்னாரு. ஆமா சார்னேன். வீட்டுக்கு வந்து தலைவர்கிட்டச் சொன்னேன். ‘இவனுக அந்த வழியா வரலைன்னா, வேற எவனாவது அங்கிட்டுருந்து வர மாட்டானா மேடம்?’னாரு. அதுவும் சரிதான்னு பட்டுச்சு. கூட்டத்துல வைக்கல. பஞ்சவர்ணத்துக்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கலாம். சங்கிலி கெடைக்கலங்கிறதை மட்டும் சொன்னேன். அவ எனக்காக அழுதா.

ஐப்பசி பிறந்து விடாம மழை. ரிங் ரோட்டு ஓரமெல்லாம் கேபிள் போடத் தோண்டிப் போட்டிருந்தாக. ஓரத்துல கால் வச்சா முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு திங்கக்கிழமை சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னா. எனக்கு மனசு கேக்கல தம்பி. எங்க வீட்டுக்காரர் குடை ஒண்ணு இருந்துச்சு. நீளக் கைப்பிடி, கறுப்பு, பெரிய குடை, ரெண்டு பேரு நிக்கலாம். அவரு போனதுலருந்து அதை நான் யாருக்கும் குடுத்ததில்ல. எடுத்து அவ கையில குடுத்தேன். ‘அய்யா குடையாம்மா?’ன்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா.

மறுநாள் செவ்வாக்கிழமை. ஏழாச்சு, ஏழரையாச்சு. வரல. எனக்குக் கோவம். குடையைக் குடுத்தும் லேட்டாப் பாருன்னு. எட்டு மணிக்குப் போன் போட்டேன். வேற யாரோ எடுத்தாக, ஒரு ஆம்பளை. ‘இந்தப் போன் வச்சிருந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?’னாரு.

என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்றது? ‘எங்க வீட்டுல வேலை பாக்குறவ’ன்னேன்.

மணல் லாரி. பின்னாலருந்து வந்திருக்கு. ஓரத்துல சேறுன்னு அவ தார் ரோட்டு மேலயே நடந்திருக்கா. காத்து மழைக்குக் குடையைச் சாச்சுப் பிடிச்சிருக்கா, அதனால பின்னால வந்தது தெரியலன்னு ஏட்டு சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு.

குடையாலதான் தம்பி. நான் குடுத்த குடையால. அன்னைக்கு மட்டும் நான் அதைக் குடுக்காம இருந்திருந்தா, நனைஞ்சாலும் நனைஞ்சிருப்பா, சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பா. எத்தனை நாள் இதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா. ஆசையாக் குடுத்தேன். ஆசையாக் குடுத்தது அவளுக்கு எமனாப் போச்சு. ஜெயசிங் சார்கிட்டயும் ஒருநாள் சொல்லி அழுதேன். அவரு, ‘குடையாலயா மேடம்?’னு மட்டும் கேட்டாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுலருந்து அவரு எங்கூட அவ்வளவாப் பேசுறதில்ல. ஏன்னு தெரியல.

காபி ஆறுது, குடிங்க.

சாயங்காலம் உடம்பைக் கொண்டு வந்துட்டாகன்னு தகவல் வந்துச்சு. சங்கத்துலருந்து மாலை வாங்குனோம், எட்டுப் பேரு கெளம்புனோம். ரிங் ரோடு சுத்திப் போனா கரைப்பட்டிக்குள்ள காரு இறங்காது, ஒரே சேறு. தலைவர்தான் சொன்னாரு, ‘எதுக்கு மேடம் சுத்திக்கிட்டு, சாவி இருக்கே.’ நான் பீரோவைத் திறந்து சாவியை எடுத்தேன். மழையில பூட்டு இறுகிப் போய்க் கெடந்துச்சு. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகுனோம். கதவு திறந்துச்சு. படி இறங்கி, பாலத்தைத் தாண்டி, அவ வீட்டு வாசலுக்குப் போய் நின்னோம். அவ வீடு இவ்வளவு பக்கமான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பதினாலு வருஷத்துல நான் அங்க போனதில்ல.

தலைமாட்டுல படம் வச்சிருந்தாக. எங்க சங்கத்துக் கார்டுக்கு எடுத்த படம். வேற படமே இல்லையாம், அதைத்தான் பெருசு பண்ணியிருக்காக. ஓரத்துல எங்க முத்திரை பாதி தெரிஞ்சுச்சு. சிரிச்சுக்கிட்டு இருந்தா.

அவ மக நாகஜோதி பக்கத்துல உக்காந்திருந்துச்சு. தையல் கம்பெனிக்குப் போற பிள்ளை, இருபத்திரண்டு வயசு. அப்பன் ரொம்ப முந்தியே போயிட்டான், அம்மாவும் மகளுந்தான். அந்தப் பிள்ளை அழல. நாங்க பாலத்துல வரும்போதே எங்களையத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. நான் மாலையைப் போட்டுட்டு அது தலையைத் தொட்டேன். நிமிந்து பாத்துக் கேட்டுச்சு.

‘அந்தக் கதவு திறக்குமாம்மா?’

நான், ‘என்னம்மா?’ன்னேன்.

‘திறக்காது போலன்னு நெனச்சிருந்தேன். திறக்குமா?’

துக்கத்துல இருக்கிற பிள்ளை என்னமோ கேக்குதுன்னு, ஆமாம்மான்னு தலையாட்டுனேன். பக்கத்துல நின்ன பொம்பளைக எல்லாம் ஒப்பாரியை விட்டுட்டு எங்க பக்கம் திரும்பிட்டாக. தலைவர் என் முழங்கையைத் தொட்டு, ‘போகலாம் மேடம்’னாரு. வந்த வழியே வந்து, கதவைப் பூட்டிட்டோம்.

கார்த்திகையில செயற்குழு. ஜெயசிங் சார் தீர்மானம் கொண்டு வந்தாரு. காலையில ரெண்டு மணி நேரம், மதியம் ரெண்டு மணி நேரம், கதவைத் திறந்து செக்யூரிட்டியை நிப்பாட்டணும்னு. தலைவரு, ‘இரக்கம் வேற, பாதுகாப்பு வேற’ன்னாரு. கை தூக்கச் சொன்னாக. பதினொரு பேரு குழுவுல. திறக்கணும்னு அஞ்சு கை. வேணாம்னு அஞ்சு கை.

நான் தூக்கல தம்பி. மினிட்ஸ் எழுதிக்கிட்டிருந்தேன். செயலாளர் நடுநிலையா இருக்கணும்ல.

இல்ல, பைலாவுல அப்படி ஒரு விதி இல்ல. நீங்க தேட வேணாம், நான்தான எழுதுனேன், இல்ல. ஆனா அது ஒரு மரியாதை. சமமா வந்தா தலைவர் முடிவுங்கிறதுதான் பைலாவுல இருக்கு, இருபத்தொண்ணாவது விதி. அவரு முடிவு சொன்னாரு. ஒரு கைதான் கொறஞ்சுச்சுன்னு ஜெயசிங் சார் வெளிய போகும்போது சொன்னாரு. யாரைச் சொன்னாருன்னு நான் கேக்கல.

மார்கழியில கதவை எடுத்துட்டுச் சுவரே வச்சுட்டாக. கதவுன்னு ஒண்ணு இருந்தா எவனாவது திறக்கச் சொல்லிக்கிட்டேதான் இருப்பான்னாரு தலைவர். சுவத்துல மயில் வரஞ்சிருக்கு. போகும்போது பாருங்க, நல்லா வரஞ்சிருக்கான்.

அந்தச் சுவரு வச்ச பிறகு நான் ஆறாவது தெருப் பக்கம் நடக்கப் போறதில்ல. முட்டி வலி.

போன ஐப்பசியில அவளுக்கு வருஷத் திதி. யாரும் சொல்லி விடல. நாள் எனக்குத் தெரியுமே. ஒரு சேலை எடுத்தேன் நாகஜோதிக்கு, பச்சையில சின்னப் பூப் போட்டது. ரெண்டு முழம் மல்லிகை, கொஞ்சம் பழம். ஆட்டோவுக்குச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். என்னமோ, கேட்டைத் தாண்டுனதும் நடக்க ஆரம்பிச்சுட்டேன். அவ நடந்த வழிதானன்னு. அன்னைக்கு மழை இல்ல. வெயிலு.

அவ நாப்பது நிமிஷம்னு சொன்னது அவ நடைக்குத் தம்பி. எனக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. லாரி போகும்போது ஒவ்வொரு தடவையும் சேலை காலோட ஒட்டிக்குது, ஆளையே உள்ள இழுக்குது. நடக்குறதுக்குன்னு ஒரு முழ எடம் கெடையாது அந்த ரோட்டுல. எங்க அடிபட்டான்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எடமா, இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு பாத்துக்கிட்டே போனேன். ஒன்பது மாசம் நடந்திருக்கா. போகவும் வரவும்.

கரைப்பட்டி திரும்புற எடத்துல ஒரு இட்லிக் கடை. தகரக் கொட்டகை, முன்னால ஒரு பலகை. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கடைக்கார அம்மா ஓடி வந்து பிடிச்சு உக்கார வச்சு, சொம்புல தண்ணி குடுத்தாக. என் வயசுதான் இருக்கும்.

‘இந்த வெயில்ல நடந்தா வந்தீக? எங்கிட்டுருந்து வாரீக?’

பொன்மாரி நகர்லருந்துன்னு சொல்ல வாய் வரல. டவுன்லருந்துன்னேன்.

‘முன்ன மாதிரின்னா பஸ்ஸை விட்டு எறங்கி, அந்த நகருக்குள்ள புகுந்து, பாலத்துல அஞ்சு நிமிசத்துல வந்துருவீக. இப்ப அடைச்சுட்டாகள்ல. யாரு வீட்டுக்குப் போறீக?’

‘பஞ்சவர்ணம் வீட்டுக்கு.’

அவுக முகம் மாறிருச்சு. என் பக்கத்துலயே உக்காந்துட்டாக.

‘இன்னைக்குத் தெவசம்ல. ஒறவா?’

‘பழக்கம்’னேன்.

‘அப்பத் தெரிஞ்சிருக்குமே. நல்ல மனுசி. அந்த நகர்ல ஒரு ஆபீசரம்மா வீட்டுல வேலை பாத்துச்சு. அந்தம்மாவுக்குக் கை ஒடிஞ்சப்ப, கைப்பிள்ளையப் பாக்குற மாதிரி பாத்துச்சு. அந்தம்மாகிட்டயே சாவி இருந்துச்சாம். திறந்து விடலையாம். நாங்க எல்லாம் வைவோம்த்தா, என்ன பொம்பளை அவன்னு. பஞ்சவர்ணம் வைய விடாது. ‘பயம்த்தா அவுகளுக்கு. ஒத்தையில கெடக்காக. பூட்டிக்கிட்டாத்தான் அவுகளுக்குத் தூக்கம் வரும், பூட்டிக்கிறட்டும், நான் நடந்துக்கிறேன்’னு சொல்லும். எங்கிட்ட இந்தப் பலகையில உக்காந்து சொன்னதுதான். காலையில போகும்போது ஒரு நிமிசம் உக்காந்து முட்டியத் தேச்சு விட்டுட்டுப் போகும்.’

நான் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தேன். சொம்பு காலியாகியும் வாயிலருந்து எடுக்கல.

‘இந்தா, அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால மூணாவது வீடு. மக இருக்கும். நான் வேணா கூட வரவா?’னு கேட்டாக.

மரம் தெரிஞ்சுச்சு தம்பி. வாசல்ல ஆள் நடமாட்டம் தெரிஞ்சுச்சு. அந்தப் பிள்ளை என்னையப் பாத்தா இந்தத் தடவை என்ன கேக்கும்னு நெனச்சேன்.

‘எனக்கு முடியலம்மா. இதை அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே குடுத்துருங்க’ன்னு பையை அவுக கையில குடுத்தேன். சேலை, பூ, பழம் எல்லாம் இருக்கான்னு பிரிச்சுப் பாத்தாக. ‘நல்ல சேலையா இருக்கே. யாரு குடுத்தாகன்னு சொல்லட்டும்?’

நான் எந்திரிச்சு நடந்துட்டேன். பின்னாலயே ரோட்டு வரைக்கும் வந்தாக.

‘ஏத்தா, பேரைச் சொல்லிட்டுப் போத்தா. அந்தப் பிள்ளை கேக்கும்ல, யாருன்னு. பேரைச் சொல்லிட்டுப் போ.’

லாரிச் சத்தத்துலயும் அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல.